வெரோனிக்கா போட்ட தேத்தண்ணி

அந்த வேடத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வெரோனிக்காவுக்கு அது தெரியாது.

1985 ஓகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. என் கணவர் டொமினிக் ஃபோனை நீட்டினார்.

"இஞ்சேரும், ஆரோ வெள்ளைக்காரன். உம்மைத்தான் கேக்கிறான்."

தயாரிப்பாளர் ஹார்ட்லி. அவர் எடுக்கவிருந்தது ஒரு மணி நேரத் தொலைக்காட்சி நாடகம். ஒக்லாந்தில் வாழும் தமிழ்த் தாய் ஒருத்தி. அவளுடைய மகன் ஊரில் கொல்லப்பட்ட செய்தியைப் பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்கிறார். தாயாக வெரோனிக்கா நடிப்பதாக இருந்தது. தமிழ் வசனங்களை எழுதிக் கொடுத்தவள் நான். அதனால் என் இலக்கம் அவரிடம் இருந்தது.

"ஒன்றும் முடிவாகவில்லை" என்றார். "நிறையக் கடிதங்கள் வருகின்றன. இன்னொருவரையும் பார்த்து வைக்கச் சொல்கிறார்கள். புதன்கிழமை வர முடியுமா? உங்கள் தங்கையிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்."

வருவேன் என்றேன். யோசிக்கவில்லை.

வெரோனிக்கா என் தங்கை. பிறந்தபோது தம்பி என்றார்கள். வருடக்கணக்காக நானும் அப்படித்தான் சொன்னேன். 1971இல், பத்தொன்பது வயதில், புலமைப்பரிசில் கிடைத்து, பொறியியல் படிக்க மன்னாரில் இருந்து இங்கே வந்தாள். இரண்டு வருடத்தில் படிப்பை விட்டாள். கரங்கஹாபே வீதியில் ஒரு கிளப்பில் பாடினாள். பிறகு மேடை. பிறகு தொலைக்காட்சி. வீட்டுக்கு ஒரு கடிதமும் ஒரு படமும் வந்தன. படத்தில் சேலை கட்டியிருந்தாள். கீழே புதுப் பெயர். அம்மா படத்தைக் கிழித்தாள். நான் கடிதத்தை எடுத்து வைத்தேன்.

83 கலவரத்துக்குப் பிறகு எங்களை இங்கே எடுப்பித்தவள் அவள்தான்.

நான் நியூ லின்னில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அவள் வியாழக்கிழமைதோறும் தொலைக்காட்சித் தொடரில் வந்தாள். மருத்துவமனைத் தலைமைத் தாதி. வெள்ளிக்கிழமை காலையில் தொழிற்சாலை முழுக்க அவள் பேச்சுத்தான். என் பக்கத்து மெஷினில் இருந்த மெலே என்ற சமோவாக்காரி அவளைப்போலத் தலையைத் திருப்பிக் காட்டுவாள். அவள் என் தங்கை என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

அவளுடைய பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடுவார்கள். அதில் வெரோனிக்காவுக்கு ஒரே ஒரு பாட்டு. யேசுவின் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு ஆறு வரி பாடுவாள். நான் அந்தப் பாட்டை எட்டு வயதில் மனப்பாடம் செய்தேன். இருபத்தொரு வயதில், நாடகம் பழக்கும் அண்ணாவியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பெட்டையள் மேடையிலை ஏறுறதோ? உன்ரை தம்பியை அனுப்பு."

பெண் வேடம் ஆண்களுக்குத்தான். அதுதான் வழக்கம். தம்பியை அனுப்பினேன். பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். என் சேலையைக் கட்டிவிட்டேன். துணியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். அன்று சனம் அழுதது. நான் திரைக்குப் பின்னால் ஊசி நூலோடு நின்றேன்.

நான் கேட்டுக் கிடைக்காத வேடத்தை அவள் பெயராகவே வைத்துக்கொண்டாள்.

ஆண்கள் ஆண்களை நேசிப்பது குற்றம் என்ற சட்டத்தை நீக்க அந்த வருடம் ஒரு மசோதா வந்திருந்தது. வெரோனிக்கா அதற்காகக் குயீன் வீதியில் ஒரு ட்ரக்கில் ஏறி நின்று பேசினாள். "சட்டத்தின் கண்ணில் நான் இன்னும் ஆண், என்னை விரும்புகிறவன் குற்றவாளி" என்றாள். பத்திரிகையில் படம் வந்தது. அவளை நடிக்க விடக்கூடாது என்ற கடிதங்கள் அதற்குப் பிறகு வந்தவை. கோயில் வாசலில் மசோதாவுக்கு எதிரான மனுவை நீட்டினார்கள். டொமினிக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லித் தப்பினார். நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். அவள் யாரோடு வாழ்ந்தால் எனக்கென்ன. என்னுடைய எரிச்சல் வேறு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள். கறுப்புக் கோட்டு. வாசலில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, மீன் குழம்போ? மணம் ரயில் ஸ்டேசன் மட்டும் வருது."

"பேப்பரிலை உம்மடை படம் பாத்தன்" என்றார் டொமினிக்.

"வடிவாய் இருந்தனானோ அத்தான்?"

"வாய் பிளந்து கிடந்தது."

"கத்தினா வாய் பிளக்கும்தானே. நீங்கள் அக்காவோடை கத்தேக்கை கண்ணாடியிலை பாக்கிறேல்லையோ?"

டொமினிக் சிரித்தார். அவருக்கு அவளைப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்கும்.

சாப்பிட்ட பிறகு பையில் இருந்து நாடகப் பிரதியை எடுத்தாள்.

"அக்கா, இதைப் பிடி. நான் சொல்லுறன், நீ பார். ரெண்டு கிழமையிலை எடுக்கினம்." கொஞ்சம் நிறுத்தினாள். "எடுத்தால்."

"ஏன் எடுக்காமல்?"

"கடிதம் எழுதுறாங்களாம். ஹார்ட்லி என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. இது போனால் தொடரும் போகும் அக்கா. ஒருத்தன் என்னை எடுக்கப் பயந்தால் எல்லாரும் பயப்பிடுவாங்கள். பதினாலு வருசம் நாயாய்ப் பேயாய் அலைஞ்சது அதோடை சரி."

நான் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்று வசனத்தைச் சொன்னாள். நான் எழுதிய வசனம். என் சமையலறையில், என் மேசைக்குப் பக்கத்தில். கையை எங்கே வைக்கிறாள், எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். புதன்கிழமைக்கு.

"ஒண்டு கேக்க வேணும்" என்றாள். "பொலிஸ்காரன் செய்தி சொல்லுறான். அடுப்பிலை கேத்தில் கொதிக்குது. தாய் எழும்பி அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறா எண்டு எழுதியிருக்கு. எங்கடை ஆக்கள் போடுவினமோ?"

போடமாட்டார்கள். சாவுச் செய்தி வந்த வீட்டில் அடுப்பு எரியாது. எரிகிற அடுப்பையும் அணைத்துவிடுவார்கள். அயலார்தான் தேத்தண்ணி கொண்டுவருவார்கள். மன்னாரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் அவள் வந்து பதினான்கு வருடமாகிவிட்டது. வந்த பிறகு ஒரு செத்த வீட்டையும் பார்க்கவில்லை. அம்மாவின் செத்த வீட்டுக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை.

அடுப்பை அணைப்பது எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒன்று என்னிடம் மட்டும் இருக்கட்டும்.

"ஓம், போடுவினம்" என்றேன். "வந்த ஆளுக்குப் போடாமல் விடுறதே."

"வடிவாய்த் தெரியுமோ?"

"நான்தானே அங்கை இருந்தனான்."

அவள் பென்சிலால் பிரதியில் ஒரு கோடு போட்டாள். "சரி. நீ சொன்னால் சரி."

புதன்கிழமை காய்ச்சல் என்று வேலைக்குச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். நல்ல சேலையைப் பையில் வைத்திருந்தேன். ஸ்டூடியோவின் கழிப்பறையில் கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். முப்பத்தேழு வயது. தாய் வேடத்துக்கு நான்தான் பொருத்தம். அவள் பிள்ளை பெறாதவள். நான் இரண்டு பெற்றவள். அப்படியெல்லாம் நினைத்தேன்.

ஒரு மேசை, ஒரு அடுப்பு, ஒரு கேத்தில். பொலிஸ்காரருக்குப் பதிலாக ஒரு பெண் நின்று செய்தியை வாசித்தாள். நான் கேட்டேன். எழுந்து அடுப்பை அணைத்தேன். அழுதேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்த இடத்தில் மூச்சு எடுத்தேன்.

ஹார்ட்லி தலையாட்டினார். "நன்று. ஆனால் கொஞ்சம் அதிகம். ஜூன் மாதத் தேர்வில் உங்கள் தங்கை செய்த நாடாவைப் போடுகிறேன். எவ்வளவு குறைவாகச் செய்கிறாள் என்று பாருங்கள். அதே மாதிரி இன்னொரு தரம் செய்யலாம்."

சின்னத் திரையில் வெரோனிக்கா வந்தாள். செய்தியைக் கேட்டாள். பொலிஸ்காரரைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். ஈரமில்லாத கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்தாள். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

எனக்குப் பதினான்கு வயதில் அப்பாவைக் கடலில் இருந்து கொண்டுவந்தார்கள். அம்மா முற்றத்தில் விழுந்து கிடந்தாள். நான் குசினிக்குள் போய்க் கொள்ளியை இழுத்துத் தண்ணீர் ஊற்றினேன். கையைப் பாவாடையில் துடைத்தேன். இரண்டு தரம். வாசலில் நின்று பார்த்தவள் அவள். பத்து வயது.

அவள் என்னைச் செய்திருந்தாள். நான் சற்றுமுன் அவளைச் செய்திருந்தேன். அவள் செய்த நான் நன்றாக இருந்தது.

"ஒன்று கேட்க வேண்டும்" என்றார் ஹார்ட்லி. "பிரதியில் தாய் தேநீர் போடுகிறாள். நீங்கள் இருவரும் அடுப்பை அணைக்கிறீர்கள். அது உங்கள் வழக்கமா? அவளுக்கு நிச்சயமில்லை. உங்களிடம் கேட்கச் சொன்னேன்."

ஓம் என்றால் அது அவளிடம் போகும். அக்கா பொய் சொன்னாள் என்று தெரிந்துவிடும்.

"வழக்கமில்லை" என்றேன். "நான் பதற்றத்தில் அணைத்துவிட்டேன். அவளும் அப்படித்தான் செய்திருப்பாள். தேநீர் போடுவார்கள்."

அவர் குறித்துக்கொண்டார். "சரி. இன்னொரு தரம் செய்வோமா?"

நான் அடுப்பைப் பார்த்தேன். நான் செய்தால் இந்த நாடகம் ஓடும். சனம் பார்க்கும். ஹார்ட்லியிடம் அந்த நாடா இருக்கும். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்க்காவிட்டாலும் நான் பார்ப்பேன்.

"எனக்கு வேண்டாம்" என்றேன். "அவளையே போடுங்கள்."

"கடிதங்கள் வருகின்றனவே."

"என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?"

அந்த நாட்களில் ஒக்லாந்தில் தமிழ் வீடுகளைக் கைவிரலில் எண்ணலாம். கமராவுக்கு முன்னால் நிற்கச் சம்மதிக்கும் மூன்றாவது பெண் அந்த வீடுகளில் இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களுக்குப் பெரிய மனது" என்றார். நான் திருத்தவில்லை.

சனிக்கிழமை வெரோனிக்கா ஓடி வந்தாள். நான் வந்ததையும் மறுத்ததையும் ஹார்ட்லி சொல்லியிருந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"நீ எனக்காக விட்டுக் குடுத்தனியாம்."

அவள் தலைமயிரில் நல்ல வாசம் வந்தது. "விடடி, அடுப்பிலை கறி கிடக்கு" என்றேன். தேத்தண்ணி போடமாட்டார்கள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். படப்பிடிப்புக்கு ஒன்பது நாள் இருந்தது.

அடுத்த வருடம் யூலையில் மசோதா நிறைவேறியது. நாடகமும் அந்த மாதம்தான் காட்டினார்கள். பக்குரங்காவில் இருந்து, எங்களுக்குப் பழக்கமான யோகராணியும் புருஷனும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். வெரோனிக்கா செய்தியைக் கேட்டாள். எழுந்தாள். கேத்திலை எடுத்தாள். கோப்பையில் ஊற்றினாள். தேத்தண்ணி நிறைந்து தட்டில் வழிந்தது. அவள் ஊற்றிக்கொண்டே நின்றாள்.

"ஐயோ, இதென்ன கூத்து" என்றாள் யோகராணி. "சாவுச் செய்தி வந்த வீட்டிலை ஆர் தேத்தண்ணி போடுறது?"

"கனகாலம் வெள்ளைக்காரரோடை இருந்தா மறந்துதானே போகும்" என்றார் புருஷன்.

"அக்காக்காரியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன சிசிலியா?"

டொமினிக் என்னைப் பார்த்தார். நான் முறுக்குத் தட்டை நீட்டினேன். இந்த ஒரு பிழையாவது அவளிடம் இருக்கிறதே என்று அன்று நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலை மெலே மெஷினை ஓட்டவில்லை.

"அந்த அம்மா தேநீர் ஊற்றினாளே" என்றாள். "கோப்பை நிறைந்தும் நிறுத்தத் தெரியாமல். நான் அந்த இடத்தில்தான் அழுதேன்."

வரிசை முழுக்க அந்த இடத்தில்தான் அழுதிருந்தது.

மாலையில் வெரோனிக்கா எனக்கு ஃபோன் எடுத்தாள். பின்னால் ஆட்கள் சிரிக்கும் சத்தம்.

"அக்கா, பேப்பர் பாத்தியோ? எல்லாரும் தேத்தண்ணியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாங்கள். நீ சொல்லாட்டி நான் தேத்தண்ணி போடாமல் அடுப்பை நூத்திருப்பன்."

"ம்."

"எனக்கு ஏன் நூக்க வேணும்போலை இருந்ததெண்டு இப்பத்தான் யோசிச்சன். அப்பா செத்த அண்டைக்கு நீ குசினிக்குள்ளை போய் அடுப்பை நூத்தனி. கையைத் துடைச்சனி. நான் வாசல்லை நிண்டு பாத்தனான். என்ன அக்கா?"

அடுப்பில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. டொமினிக் கோப்பையோடு நின்றார்.

"இல்லை" என்றேன். "எனக்கு அப்பிடி ஒரு ஞாபகமும் இல்லை."