பிரசங்கத்தில் இறந்தவர்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பல் மருத்துவரின் வெளியறையில் ஒட்டுக்கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரி கைப்பேசியில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தாள்: "அந்தப் பெயிண்டர் செத்த கதையைக் கேட்டுத்தான்டி நான் மனந்திரும்பினேன். போன ஞாயித்துக்கிழமை அந்த ஆளே எங்க வரிசையில வந்து உக்கார்றாரு! இப்ப நான் என்ன பண்றது, திரும்புன மனசை மறுபடி திருப்பணுமா? அப்புறம் கேளு, அவரு எந்திரிச்சுப் போயி…"

அதற்குள் என்னை உள்ளே அழைத்துவிட்டார்கள். மீதி என் கற்பனை. பல்வலியோடு எழுதியது, சில இடங்களில் அவசரம் தெரியும்.

2

பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்த அன்று வானம்

(நிறுத்திவிட்டேன். வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கயிறு அறுந்தது, விழுந்தார்.)

இடுப்பும் வலது காலும் நொறுங்கின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதக்கணக்காகக் கிடந்தார். ஜெபிக்க வந்த சபையாரிடம், "கடவுள்கிட்ட நான் பேசறதில்ல. அவரும் ஆள் அனுப்ப வேணாம்னு சொல்லிடுங்க" என்றார். வருகிறவர்கள் குறைந்து, பிறகு வருவதே நின்றுபோயிற்று. கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் வேறு ஊரிலிருந்த அவள் அக்கா வீட்டோடு போய்விட்டார்கள்.

அங்கே ஒரு மத்தியானம், யாரும் தாங்கிப் பிடிக்காமல் எழுந்து நின்று, தானே ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றது வாய். மனசுக்கு விஷயமே தெரியாது. அது நிதானமாகப் பின்னால் வந்து சேர்ந்தது.

"இப்ப யார்கிட்ட பேசுனீங்க?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"தெரியாம வந்துடுச்சு."

"வந்தது வந்துடுச்சு, முழுசாப் பேசி முடிச்சிட்டு வாங்க. ரெண்டு வருஷத்துப் பேச்சு இருக்கும்ல?"

டம்ளரைக் கையில் பிடித்தபடியே அவர் அழுதார். அன்றிலிருந்து ஒரே ஆசை: பழைய சபையில், தன்னைத் தெரிந்தவர்கள் முன்னால் நின்று, வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும். சபையில் அதைச் சாட்சி சொல்வது என்பார்கள்.

[அடிக்குறிப்பு: தண்ணீர்க் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வரைவில் ஒளி இறங்கியது, இன்னொன்றில் புறா வந்து ஜன்னலில் உட்கார்ந்தது. இரண்டையும் விரட்டிவிட்டேன்.]

3

ஞாயிற்றுக்கிழமை. சபையில் பாதி முகங்கள் புதிது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தையல்காரி இருந்த வரிசையில் மனைவியோடு உட்கார்ந்தார் பெயிண்டர்.

பிரசங்கத்தின் நடுவில் போதகர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம சபையில ஒரு பெயிண்டர் இருந்தார். விழுந்தார். ஆண்டவரைத் தூஷிச்சார். ஜெபிக்கப் போனவங்களை விரட்டினார். கடைசியில, அதே கட்டில்ல…"

சபை மூக்கை உறிஞ்சியது. தையல்காரி வழக்கமான இடத்தில் அழத் தொடங்கினாள்.

"யாரு பாவம் அது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார் பெயிண்டர்.

"நீங்கதான். அழாதீங்க, உசுரோடதான் இருக்கீங்க" என்றாள் மனைவி, சற்று உரக்கவே.

தையல்காரியின் அழுகை பாதியில் நின்றது. போதகரும் அப்போதுதான் பார்த்தார். "இப்ப ஒரு பாட்டுப் பாடுவோம்" என்றார், வாக்கியத்தை நடுவிலேயே விட்டுவிட்டு.

4

பாட்டு நடக்கும்போதே, உடைந்த நாற்காலிகள் அடுக்கிய பக்கத்து அறைக்குப் போதகர் இருவரையும் கூட்டிப்போனார். பெயிண்டரின் தோளைத் தொட்டுப் பார்த்தார். போதகரின் கண் நிறைந்திருந்தது. அது சந்தோஷமா பயமா என்று எனக்கே நிச்சயமில்லை.

"நீங்க இறந்துட்டதா சொன்னாங்க பிரதர். விசாரிக்காதது என் தப்புதான். ஆனா உங்க சாவுல எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டிருக்காங்க தெரியுமா? நான் என்ன சொன்னாலும் தூங்குனவங்க, உங்களைப் பத்திச் சொன்னதும் முழிச்சாங்க."

"அதுக்கு? மறுபடி ஏறி விழணுமா?"

"இன்னைக்கு மட்டும் மேடையேறிச் சாட்சி சொல்ல வேணாம். அப்புறமா பக்குவமாச் சொல்லிக்கலாம்."

மனைவி குறுக்கே வந்தாள். "நல்லா இருக்கே நியாயம்! கல்லறையில இருந்து எந்திரிச்சவரைத்தானே கும்பிடுறோம்? இவரு கட்டில்ல இருந்து எந்திரிச்சா மட்டும் ஆகாதா?"

"நீ சும்மா இரு" என்றார் பெயிண்டர். "உங்களைக் குத்திக்காட்ட நான் வரல பாஸ்டர். நன்றி சொல்லத்தான் வந்தேன். செத்தவன் எப்படி நன்றி சொல்றது?"

5

முடிவு அ: பெயிண்டர் சண்டை போடுகிறார். சபை இரண்டாக உடைகிறது. எழுதிப் பார்த்தேன், பழைய செய்தித்தாள் வாடை அடித்தது.

முடிவு ஆ: செத்தவராகவே இருந்துவிட ஒப்புக்கொள்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் சாவைக் கேட்டுக் கேட்டு மனம் உடைந்து, ஒருநாள் மனந்திரும்ப அவரே முன்னால் போகிறார். முழங்கால்தான் மடங்க மறுக்கிறது.

(இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததுதான் உறுத்தியது. போதகர் செய்ததைத்தானே நானும் செய்கிறேன்? அந்த மனுஷர் பிழைத்து வந்தது என் கதைக்கும் இடைஞ்சலாகிவிட்டது.)

6

பாட்டு முடிந்து எல்லாரும் சபைக்குத் திரும்பியதும், "சாட்சி சொல்ல விரும்புறவங்க…" என்று வழக்கப்படி தொடங்கிய போதகர் முடிக்குமுன் பெயிண்டர் நடக்கத் தொடங்கிவிட்டார். ஒரு கையில் ஊன்றுகோல். மேடை ஏறியதும் மறு கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. மைக்கைப் பிடிக்கக் கை மிச்சமில்லை.

சபையில் யாரும் அசையவில்லை. போதகரே போய் மைக்கை எடுத்து அவர் வாயருகே பிடித்தார். கை நடுங்கிற்று, நடுக்கம் ஒலிபெருக்கியில் கரகரத்தது. பெயிண்டர் கம்பியை விட்டார். ஒரு கணம் ஆடி, போதகரின் மணிக்கட்டைப் பற்றி நடுக்கத்தை நிறுத்தினார்.

"ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை, பழக்கத்தில்.

அடுத்த வாக்கியத்துக்கு என்னிடம் சில வரைவுகள் இருந்தன. ஒன்றில் போதகர் தப்புகிறார், ஒன்றில் மாட்டுகிறார். எதைப் பெயிண்டர் வாயில் வைத்தாலும் அவர் மறுபடி யாருடைய உதாரணமாகவோ ஆகிவிடுகிறார். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். தையல்காரி கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள். நீங்களே போய் உட்கார்ந்து கேளுங்கள். பெயிண்டர் பேச மூச்சை இழுக்கிறார்.