வலது அக்குள்

1

ஞானஜோதியக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கதை. (கதைக்குள் அவளை அக்கா என்று அழைக்கப்போவதில்லை. அழைத்தால் பயம் கூடுகிறது.)

முதல் வரைவில் அவளுக்குப் புற்றுநோய் அறுவை இடது மார்பில். அது பொய். வலது.*

* கயிறிழுக்கும் போட்டியில் வடம் இழுக்கும் ஏழு பேரும் வடத்தை வலது அக்குளில் இடுக்கித்தான் சாய்வார்கள். அவளுடைய வலது அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருக்கிறார்கள். இடது என்றால் கதை எளிது.

2

சூரியநெல்லியில் தேயிலை பறிக்கும் ஞானஜோதி, எஸ்டேட் பெண்கள் அணியில் பதினோரு வருடம் கடைசி ஆள். வடத்தின் நுனியை உடம்பில் சுற்றி நிற்பவள். அவள் கால் பெயர்ந்தால் அணி பெயரும்.

சிகிச்சை முடிந்து ஒன்பது மாதம். விளையாடலாமா என்று கேட்டாள். மெதுவாகத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். வடம் என்றதும் அவர் பேனா நின்றது. கை வீங்கலாம், வீங்காமலும் இருக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் அவள் உடைந்து

(இல்லை. கூடப் போன என்னிடம், பசிக்கிறது என்றாள்.)

3

ஞாயிறு பூசை முடிந்து மைதானத்துக்குப் போனோம். ஓரமாக நிற்கத்தான் என்று வழியெல்லாம் சொன்னாள். அணித்தலைவி டின்சி அவள் காலைப் பார்த்தாள்.

"வேடிக்க பாக்கவாக்கா பூட்ஸ் போட்டு வந்தீக?"

பிறகு டின்சி எல்லாரையும் வடத்தை இடது அக்குளுக்கு மாற்றச் சொன்னாள். பழக்கமில்லாத பக்கம். ஆறு பேரும் தடுமாறினார்கள், ஜிஸ்மி விழுந்தே விட்டாள். ஓணப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"எனக்காக நீங்க தோக்கணுமாட்டி?"

"போன வருசம் நீங்க இல்லாமலுந்தான் தோத்தோம்."

4

முடிவு ஒன்று: இடது அக்குளில் இடுக்கி இழுத்து, கோப்பையோடு லயத்து வீட்டுக்கு (வேண்டாம்.)

முடிவு இரண்டு: மறுநாள் வலது கை (எழுத மாட்டேன்.)

அறுவையை இடப்பக்கம் எழுதிப் பார்த்தேன், திரும்ப வலப்பக்கமே எழுதினேன். அதற்குமேல் எதை மாற்றுவது என்று தெரியவில்லை.

நடந்தது இவ்வளவே. வடத்தின் நுனி புல்லில் கிடந்தது. ஆறு பேர் தவறான பக்கத்தில் காத்து நின்றார்கள். ஞானஜோதி குனிந்தாள். தொடவில்லை. நிமிராமலே என்னைப் பார்த்தாள்.

"படிச்ச புள்ள, நீ சொல்லு. எடுக்கவா?"

நான் செருப்பைப் பார்த்தேன்.

அவள் இன்னும் குனிந்தே இருக்கிறாள். என்னை விட்டுவிட்டு, இப்போது உங்களைப் பார்க்கிறாள்.