வயிற்றில் உறைந்த தயிர்

1

மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி குளிரில், அத்பாஷி என்ற எங்கள் மலையூரில், என் வீட்டு முற்றத்தில், அடுப்பில்லாமல் நெருப்பில்லாமல், என் தொப்பையின் மேல் அரை லிட்டர் பால் கெட்டித் தயிராக உறைந்தது. வாசனை பிடித்து மலையிலிருந்து இறங்கி வந்த ஓநாய்கள் வேலியோரம் வரிசையாக நின்றன.

(இந்த வரியிலிருந்து ஓநாய்களை அடித்துவிடச் சொல்கிறார் என் சம்பந்தி கல்முர்சா. வானிலை நிலையத்தில் முப்பது வருடம் வெப்பமானி பார்த்துக் குறித்தவர். தான் அளக்காத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்பது அவர் கட்சி. அடிக்க மாட்டேன். வேண்டுமானால் மூன்று ஓநாயாகக் குறைக்கிறேன்.)

இந்தக் கதை பிறந்ததே அவரால்தான். தேநீர் குடிக்க வந்தவர், "வாயில சொல்றதையெல்லாம் எழுத்துல எழுதுங்க பாப்போம் சம்பந்தி. எழுத்துல பொய் சொன்னா கை நடுங்கும்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். கை கல் மாதிரி நிற்கிறது.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பனி மூடிய மலைகளின் மடியில் உறங்கும்" — இங்கே யாரும் உறங்குவதில்லை, மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும். அடித்தேன்.

"கம்பளி என்பது யாதெனில்" — எனக்கே கொட்டாவி வந்தது.

"சாய்ரா ஊசியைக் கையில் எடுத்தபோது அவளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது." இது இருக்கட்டும்.

சாய்ரா, கல்முர்சாவின் மகள். என் மகன் தாலாயின் மனைவி. தாலாய் மேலே கணவாயில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறான். பதினைந்து நாள் மேலே, பதினைந்து நாள் வீட்டில். வண்டி நுழையாத இடத்தில் இறங்கி மண்வாரியால் அள்ள வேண்டும். போன குளிர்காலத்தில் அவள் நாட்டு ஆட்டுக் கம்பளியில் ஓர் உள்பனியன் பின்னிக் கொடுத்தாள். அரிக்கிறது என்று கழற்றி இருக்கைக்கு அடியில் திணித்துவிட்டு, பருத்தி பனியனோடு இறங்கி அள்ளினான். வியர்த்தது. அந்த ஈரம் அப்படியே முதுகில் குளிர்ந்தது. நுரையீரல் காய்ச்சல், இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. "இன்னொரு தடவை இப்படிக் கொண்டுவந்தா, திருப்பித் தருவேன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேம்மா" என்று டாக்டர் சாய்ராவிடம் சொன்னார்.

இந்தப் பத்தியில் மட்டும் நான் எதையும் பெரிதாக்கவில்லை.

3

கொட்டகையில் நான்கு மூட்டை இருந்தது. வெள்ளாட்டைச் சீவி எடுத்த அடிமயிர். வசந்தத்தில் ஒட்டகம் உதிர்த்தது. மேல் பள்ளத்தாக்கிலிருந்து வந்த, யாக் என்ற சடைமாட்டின் கறுப்பு அடிமயிர். பக்கத்து வீட்டு மென்மயிர்ச் செம்மறியின் வெள்ளைக் கம்பளி. தாலாய் மறுபடி கணவாய்க்கு ஏறப் பத்து நாள்; ஒரு பனியனுக்குத்தான் நேரம் இருந்தது. எதில் பின்னுவது?

நான் கம்பளி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் தரம் பிரித்தவன். ஒரு கற்றையை மேலுதட்டில் இழுத்தால் போதும், ஆட்டின் வயது, மேய்ந்த சரிவு, அதற்கு இடையனோடு இருந்த மனத்தாங்கல் வரைக்கும் சொல்லிவிடுவேன். இழுத்தேன்.

"வெள்ளாடு. வேற பேச்சே வேணாம்."

"உங்க மகன் பனியனை உதட்டுலயா மாமா போடப் போறாரு?" என்றாள் சாய்ரா.

(முதல் பிரதியில் இவளை அமைதியான பெண்ணாக எழுதியிருந்தேன். நான்காவது வரியிலேயே சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.)

அவள் வேறு வழி வைத்திருந்தாள். எங்கள் ஊரில் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, குடுவையைப் பழைய கோட்டில் சுற்றி வைப்போம்; சூடு நின்றால் தயிர் உறையும், போனால் பால் பாலாகவே இருக்கும். அவள் நான்கு கம்பளியிலும் நான்கு குடுவைக்குச் சட்டை பின்னிப் போட்டு, கணப்பு இல்லாத முன்னறையில் வைத்தாள். கல்முர்சா வெப்பமானியோடு நாள் முழுக்க உட்கார்ந்தார். மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஒட்டகச் சட்டை போட்ட குடுவையின் தயிரில் செருகிய கத்தி சாயாமல் நின்றது. யாக் அதற்கு ஒரு மயிரிழை பின்னால். என் வெள்ளாடு மூன்றாவது. செம்மறி கொழகொழவென்றிருந்தது.

"முடிஞ்சுது. ஒட்டகம். எழுதிக்கோம்மா" என்றார் கல்முர்சா.

அந்தச் சமயம் நானும் தலையாட்டினேன். எங்கள் மலையில் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். தயிர் சொன்னால் சொன்னதுதான். சாய்ரா மட்டும் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா, குடுவைக்கு வேர்க்குமா?"

கல்முர்சா வெப்பமானியைப் பார்த்தார்.

"அரிக்குமா அதுக்கு? போன வருசமும் சூடாத்தான் இருந்துச்சு. அவரு கழட்டிட்டாரே."

4

வியர்ப்பதற்கு ஒரு உடம்பு வேண்டும். தாலாயின் உடம்பை இன்னொரு தடவை பணயம் வைக்க முடியாது. இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாவட்டத்திலேயே விசாலமான வயிறு என்னுடையது. பழைய நாட்களில் இதன் மேல் கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

சாய்ரா நான்கு குடுவைச் சட்டைகளையும் பிரித்து, விரித்து, ஒன்றாகத் தைத்து ஒரு வயிற்றுப் பட்டி ஆக்கினாள். வெறும் உடம்பில் கட்டிக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை முற்றத்துப் பனியை அள்ளினேன். நான் குவித்ததைப் பார்த்துவிட்டு, புது மலைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்க ஆள் வந்தார்கள்.

(குளிர் மைனஸ் இருபத்தாறு என்கிறார் கல்முர்சா. நான் பட்ட பாட்டுக்கு முப்பத்தெட்டு.)

அவர்கள் இருவருக்கும் தெரியாமல் ஒன்று செய்தேன். பட்டிக்குள், வெதுவெதுப்பான பாலும் உறையும் ஊற்றிய ஒரு தட்டைக் குடுவையைச் செருகிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஏதாவது பொழுது போக வேண்டாமா?

பட்டியை அவிழ்த்து உள்பக்கத்தைத் திருப்பினாள் சாய்ரா. வெள்ளாடு நனைந்து, இழுபட்டு, உரசின இடத்தில் இழை தேய்ந்து தொங்கியது. முப்பத்தொரு வருடத்து உதடு வெட்கப்பட்டது. ஒட்டகத்தில் சூடு குறையவில்லை, ஆனால் பாதி ஒட்டகம் என் வயிற்றில் ஒட்டியிருந்தது. யாக்கும் நல்ல சூடு. தப்பி நின்ற முரட்டு மேல்மயிர் ஏழு இடத்தில் குத்திச் சிவந்திருந்தது. செம்மறி வேர்வையைக் குடித்திருந்தது, ஆனால் தொட்டால் ஈரம் தெரியவில்லை. அவிழ்த்ததும் தன் அளவுக்குத் திரும்பச் சுருங்கி நின்றது. அந்த இடத்தில் தோலில் ஒரு கீறல் இல்லை.

சாய்ரா அந்த வெள்ளைத் துண்டைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

நான் குடுவையை எடுத்து மேஜையில் வைத்தேன். தயிர்.

"மத்தியானம் நான் சாப்பிடப் போன நேரத்துல சமையல்கட்டுலேர்ந்து ஊத்தியிருப்பீங்க" என்றார் கல்முர்சா.

"சத்தியமா சம்பந்தி."

"உங்க சத்தியத்தை எந்த அளவுகோல்ல அளக்குறது?"

5

அவள் வேர்வைக்குச் செம்மறி இழை ஒன்றும் சூட்டுக்கு யாக் இழை ஒன்றும் சேர்த்து முறுக்கினாள். அதற்கு முன் யாக் கறுப்பிலிருந்து முரட்டு மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கவே மூன்று நாள் போனது. பனியன் சாம்பல் நிறத்தில் வந்தது. திங்கட்கிழமை காலை தாலாய் அதைப் போட்டுக்கொண்டு, கையை ஆட்டிப் பார்த்து, "பரவாயில்ல" என்றான். போன வருடமும் அதையேதான் சொன்னான்.

சாய்ரா என் தட்டைக் குடுவையை அவன் கையில் கொடுத்தாள்.

"தெனம் வண்டியில ஏறும்போது பாலை ஊத்தி உறை போட்டு பனியனுக்குள்ள வச்சுக்கோங்க. சாயங்காலம் தயிராயிருக்கணும். கழட்டினா உறையாது."

"என்ன பொண்டாட்டி நீ, போலீஸ்காரியா?"

"போலீஸ்காரின்னா கேசு போடுவா. நான் இங்க மாவு பிசைஞ்சுக்கிட்டே அழுவேன். எது வேணும் சொல்லுங்க."

தாலாய் குடுவையை வாங்கிக்கொண்டான்.

வண்டி போனதும் கல்முர்சா சொன்னார்: "எஞ்சின் சூட்டுல வச்சு உறைய வச்சுட்டு, வயித்துல வச்சேன்னு சொல்லுவான். உங்க பிள்ளைதானே." அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. புதன்கிழமை சாமான் லாரியில் ஏறிக் கணவாய்க்குப் போய்விட்டார்.

இந்தப் பக்கத்தை எழுதும்போது வெள்ளி மதியம். அவர் இன்னும் திரும்பவில்லை. மேலே தொலைபேசி எடுக்காது. ஆகவே கைவசம் உள்ள முடிவுகள்:

தாலாய் பனியனைக் கழற்றவே இல்லை, வசந்தத்தில் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. (என் ரசனை.)

தாலாய் இரண்டாம் நாளே கழற்றி இருக்கைக்கு அடியில் (இதை எழுதத் தொடங்கினேன். அடுத்த அறையில் சாய்ராவின் ஊசிச் சத்தம் கேட்டது. முடிக்கவில்லை.)

மூன்றாவது முடிவை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கீழே அரைப் பக்கம் வெற்றிடம் விடுகிறேன். வாசகரே, நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

6

வாசகருக்கு முன்னால் கல்முர்சா வந்துவிட்டார். மீசையில் பனி. காலணியைக் கழற்ற அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஆட்டுக்கு மயிர் கத்தரித்து முடித்திருக்கலாம். சாய்ரா தேநீர் ஊற்றினாள், கிண்ணம் நிரம்பியும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா" என்றார் அவர். "நேத்து காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். என் கண்ணு முன்னாடிதான் ஊத்தினான். இருபத்திமூணு தடவை எறங்கி அள்ளினான்."

"இருமினாரா?"

"இல்ல. ஆனா பாட்டுப் பாடினான். அதுக்கு இருமலே தேவலாம்."

சாய்ரா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மேஜையைத் துடைத்தாள். அங்கே துடைக்க நிறையவே இருந்தது.

கல்முர்சா என் காகிதங்களை இழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. வெற்றிடத்துக்கு வந்ததும் என் பேனாவை எடுத்தார். வானிலைப் பதிவேட்டில் எழுதும் அதே பொடி எழுத்தில் அவர் எழுதியதை அப்படியே விடுகிறேன்:

வியாழன். கணவாய் உச்சி. மைனஸ் முப்பத்தொன்று. காற்று வடமேற்கிலிருந்து, பலம். பால் காலை எட்டு மணிக்கு ஊற்றப்பட்டது. மாலை ஆறு மணிக்குத் தயிர். பனியன் கழற்றப்படவில்லை. நேரில் பார்த்தேன், குடித்தும் பார்த்தேன். இதே போன்ற நிகழ்வு முன்னர் அத்பாஷி முற்றத்தில், மைனஸ் இருபத்தாறில், ஒரு தொப்பையின் மேல் நடந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். ஓநாய் எதுவும் தென்படவில்லை.