எந்த மருந்து

மருந்து ஊற்றாமல் என் லாரிக்கு நான் டீசல் போட்டதே இல்லை. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் சேரும், இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும், அப்புறம் பம்ப் போச்சே என்று மெக்கானிக் கடை வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதெல்லாம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த மருந்து. முதலில் மருந்தை ஊற்ற வேண்டும், அதன்மேல் டீசல். டீசல் விழுகிற வேகத்தில் இரண்டும் தானாகக் கலந்துவிடும். மாற்றிச் செய்கிற சோம்பேறிகளைக் கண்டால் எனக்கு ஆகாது.

கடையில் அது பெரிய கேனில்தான் கிடைக்கும். அளந்து ஊற்றச் சௌகரியமாக இருக்கட்டும் என்று அப்பாவின் காலி டானிக் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வைத்துக்கொள்வேன். அந்த மூடியில் அளவுக்கோடு உண்டு. என்ன மூளை எனக்கு என்று நானே என்னை மெச்சிக்கொண்டிருந்த காலம் அது.

அன்று காலை பூதிகோட்டைத் தக்காளி லோடோடு சென்னைக்குக் கிளம்பினேன். வாசலில் வண்டியை ஓடவிட்டபடியே, "லதா, மருந்து எடுத்தாந்து குடு!" என்று கத்தினேன். என் மனைவி வேலைக்குப் போகப் பெங்களூர் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எந்த மருந்து?"

"மருந்துதான்! வேற இன்னா மருந்து?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் நான் மருந்து என்றால் அது லாரிக்கு. அவள் சொன்னால் அப்பாவின் இருமல் டானிக். அப்பா சொன்னால் அவர் கே.ஜி.எஃப். தங்க மைன்ஸில் பாறைக்குள் அடைத்து வெடித்தது. மைன்ஸை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தத் தூசி அவர் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. லதா ஒரு பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

வி.கோட்டாவைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து, மருந்தைச் சாய்த்தேன். அது கொழகொழவென்று இறங்கியது. தேனும் துளசியும் சேர்ந்த வாசனை மூக்கில் ஏறியது.

"டீசல் போடாதீங்க!" என்று, குழாயோடு வந்த பங்க் அம்மாவின் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். இந்தப் பாகு டேங்கின் அடியில் போய்ப் படியும். வண்டியைக் கிளப்பினால் பம்ப் முதலில் அதைத்தான் உறிஞ்சும். ஐயோ என் வண்டி என்று ஒரு நிமிஷம் அடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. டானிக் என் கையில் இருக்கிறது. அப்படியானால் வீட்டில் இருப்பது?

அப்பா காலைப் பலகாரம் முடிந்ததும் இரண்டு மூடி குடிப்பார். லேபிளைப் பார்ப்பார், டானிக் என்றுதான் போட்டிருக்கும்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. லதாவைக் கூப்பிட்டுப் பயனில்லை, அவள் இந்நேரம் ரயிலில் போய்க்கொண்டிருப்பாள். அடுத்த வீட்டு சரோஜம்மாவைக் கூப்பிட்டேன். மைசூர் மைன்ஸ் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகள், ஒரே சுவர்தான் நடுவில். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

"சரோஜம்மா, சீக்கிரம் போங்க! எங்கப்பா மருந்து குடிச்சிட்டாரான்னு பாருங்க!"

"இன்னாது? மருந்தா?" அடுத்த நொடி என் காது கிழிந்தது. "ஐயையோ! தசரதண்ணா மருந்து குடிச்சிட்டாராமே! டேய் டென்னிஸு, ஓடியாடா!"

அப்போதுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. எந்த ஊரில், எந்தத் தெருவில், மருந்து குடித்துவிட்டார் என்றால் டானிக் என்று நினைப்பார்கள்?

"இல்லம்மா, அது இல்ல! நான் சொல்றதக் கேளுங்க!" என்று கதறினேன். யாரும் கேட்கவில்லை. போன் மட்டும் சரோஜம்மா கையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கதவு உடைவது கேட்டது. பெண்கள் அலறுவது கேட்டது. "சோப்புத் தண்ணி கரைச்சி கொண்டாங்க, வாந்தி எடுத்தா பூடும்" என்று யாரோ சொன்னார்கள்.

கேபினுக்குள் பாய்ந்து கேனைத் தூக்கினேன். இத்தனை நாள் அளவை மட்டும் படித்திருந்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில், விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து என்று போட்டிருந்தது. நுரையீரல்! அதுதான் அவரிடம் பாதிகூட மீதி இல்லையே.

"வாந்தி எடுக்க வெக்காதீங்க! வெக்காதீங்க!" பங்க்கில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். போனுக்குள் அப்பா திணறுவது கேட்டது. ஒரு சொல்லால் அவரை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"அண்ணா, டென்னிஸு பேசறேன்." சரோஜம்மாவின் மகன், ஆட்டோ ஓட்டுபவன். "பயப்படாத. அவரு ஒண்ணுமே குடிக்கல. பக்கத்துல கீற டானிக் பாட்டிலுகூட மூடி தொறக்காம அப்டியே கீது. நாங்க குடுத்த சோப்புத் தண்ணியத் துப்பிட்டாரு. தூங்கினு இருந்த மனுஷன எழுப்பி உக்கார வெச்சிக்கீறோம்."

நான் அப்படியே டயர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்பாகிட்ட குடுடா" என்றேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் வாயில் நல்ல கெட்ட வார்த்தைகள் உண்டு.

அப்பா திட்டவில்லை. "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்வது கேட்டது. இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

"ரூபேஷு."

"சொல்லுப்பா."

"நான் இன்னும் குடிக்கலடா." குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டார். "உனக்கு யாரு சொன்னா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, இத்தனை நேரம் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று தெரிந்தது.

"அந்த மருந்த எங்க வெச்சிக்கீற, அப்பா?" என்று கேட்டேன்.

"அலமாரியில. பழைய சட்டைக்குள்ள." மறுபடி மூச்சு இழுத்தது. "ராவெல்லாம் இருமறேன். லதா தூங்காம என் முதுகத் தடவினு உக்காந்துக்கீது. காலையில வேலைக்கி ஓடுது. எத்தினி நாளுக்கு? அந்த டானிக்க வுட்டே ரொம்ப நாளாச்சிடா."

"அப்பா, டென்னிஸ உள்ள கூப்புடு. அத எடுத்து அவன் கையில குடு. சரோஜம்மா உன் பக்கத்துலயே உக்காரட்டும். நான் வந்தாதான் அவங்க எழுந்துக்கணும்."

"ஊருக்கே தெரிஞ்சி பூடும்டா."

"தெரியட்டும்பா. கூப்புடு."

கூப்பிட்டார். அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. "எடுத்துட்டேண்ணா" என்று டென்னிஸ் சொன்னான். சரோஜம்மா அழுதபடி அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தார். திட்டட்டும்.

லாரிச் சாவியைப் பங்க் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். கே.ஜி.எஃப். பக்கம் போகும் பஸ் ஒன்று வந்தது. கை காட்டி ஏறினேன்.

"லோடு இன்னாடா ஆவறது?" என்றார் அப்பா.

"அழுகட்டும். நீ போன வெக்காத. பேசிக்கினே இரு."

"இன்னாத்தப் பேசறது?"

அதற்குமேல் அவரால் முடியவில்லை, இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிளக்கும் அந்த இருமலுக்குப் பயந்து எத்தனையோ ராத்திரி நான் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். இப்போது போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டேன்.

"இருமுப்பா. நான் கேட்டுனே கீறேன்" என்றேன்.