மஞ்சள் கேன்

பாடையைப் படகில் ஏற்றத் தூக்கியவர்களைக் கருப்புசாமி கை நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க. டீசலப் பாத்துப்போட்டு ஏத்திக்கலாம்."

மகள் மதிவதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா பூவாத்தாள் போய்ச் சேர்ந்தது நேற்றுச் சாயங்காலம். அணை நிறைந்து பாலம் முழுகிக் கிடக்கிறது, சுடுகாடோ அக்கரையில். மேற்கே மழை வேறு கறுத்துக்கொண்டு வருகிறது. இந்த மனுஷனுக்கு இப்போதும் படகும் இன்ஜினும்தான் பெரிது. வேலை பார்க்கும் காந்திபுரத்து ஜவுளிக்கடையிலிருந்து அவள் விழுந்தடித்து வந்து சேர்ந்தபோதும் வாசலில் ஸ்பேனரைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"ஏனுங்ப்பா, அம்மாளக் கெடத்தி வெச்சுப்போட்டு இப்பத்தான் இத நோண்டோணுமா? ஊரே பாக்குதுங்க."

"பாக்கட்டும் கண்ணு."

டீசல் வடிந்து வரும் கண்ணாடிக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே டீசல். அடியில் ஒரு விரற்கடைக்குத் தண்ணீர். இதோடு கிளம்பியிருந்தால் பாதி வழியில் இன்ஜின் நின்றிருக்கும்.

"வேலா, எந்தக் கேன்ல வாங்கியாந்தே?"

வேலன் அவருடைய தங்கை மகன். இன்றைக்குப் படகை ஓட்டப்போகிறவன் அவன்தான். பெண்டாட்டியின் பாடையோடு புருஷன் போகிற வழக்கம் அவர்களிடம் இல்லை.

"வாசல்ல இருந்த புது மஞ்சக் கேன்லதானுங் மாமா."

மதிவதனி கேனைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் அம்மாவைக் குளிப்பாட்டக் குடம் போதாமல் அந்தக் கேனில் தண்ணீர் பிடித்து வந்தவள் அவள்தான். புதுசு, அம்மாவுக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று எடுத்தாள். மிச்சத்தைக் கொட்டினாளா, ஞாபகமில்லை.

"நாந்தானுங்ப்பா அதுல தண்ணி புடிச்சேன்."

"உடு சாமி. உங்கம்மாளுக்குத்தானே புடிச்சே."

டேங்கை முழுக்க வடித்தார். உள்ளே துணிவிட்டுத் துடைத்தார். வீட்டில் இருந்த பழைய டீசலைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். குழாயில் நின்ற காற்றை வெளியேற்றினார். பெண்டாட்டி போயும் மனுஷனுக்குப் புத்தி எங்கே இருக்கிறது பார் என்று பின்னால் பாடை தூக்க வந்த அப்புசாமி முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

"நீச்சத் தெரியாதவ கண்ணு," என்றார் மகளிடம் மட்டும். "படகுல ஏறறப்பெல்லாம் கேப்பா, 'ஏனுங்க, நடுவுல நின்னு போயிராதுங்களே'ன்னு. நிக்காது அம்மணின்னு சொன்னாத்தான் காலெடுத்து வெப்பா."

மதிவதனி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்றிருந்தது.

பாடை ஏறியது. தம்பி கதிர் கொள்ளிச்சட்டியோடு முன்னால் உட்கார்ந்தான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. படகு விலகியதும் பெண்கள் அழுதபடி வீட்டுக்குத் திரும்பினார்கள். மதிவதனி போகவில்லை.

கருப்புசாமி படகைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி தலையைச் சாய்த்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் கேட்டாள். தண்ணீரின் நடுவில் சத்தம் ஒருதரம் கம்மியது. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி சீராயிற்று.

வெகுநேரம் கழித்து அக்கரையில் வேலன் இன்ஜினை அணைத்தான்.

"எறங்கிட்டா," என்றார் கருப்புசாமி. அப்படியே சேற்றில் உட்கார்ந்தார்.

மதிவதனி மஞ்சள் கேனை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வடிகிறவரை பிடித்துக்கொண்டு நின்றாள்.