சிலுப்பாத கெடா

“கெடாவைத் திருப்பிக் குடுங்க.”

சாமிக்கு நேர்ந்துவிட்டதை வாய் திறந்து கேட்கக் கூடாது. சிவசங்கரிக்கு இதைச் சொல்லாத ஆள் வீட்டில் இல்லை. அம்மா செல்வாம்பாள் காலையில்கூடக் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். மகளோ வீரனார் கோயில் வாசலில், ஊர் பார்க்க, பூசாரியான கன்னியப்பன் பெரியப்பாவிடமே கேட்டுவிட்டாள். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

நேர்ந்ததே அவளுக்காகத்தான். விலங்கியல் கடைசி வருஷம் அவள் பாஸாகணும் என்று, ஆட்டுக் கொட்டாயில் இருந்ததிலேயே நல்ல குட்டியாகப் பார்த்து அம்மா சாமிக்கு விட்டாள். அந்தக் குடும்பத்தில் முதல் டிகிரி. பரீட்சை எழுதியது இவள், கழுத்தைக் கொடுக்கப்போவது அது.

கரிய குள்ள ஆடுகள். வளர்ந்த கெடாவே முழங்காலைத் தாண்டாது. தவளக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை. சீக்குக் குட்டியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பையிலிருந்து தலை நீட்டி, சிக்னலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்து அது கத்தியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஹாரன் சத்தம் கேட்டால் எட்டுப் பெட்டையும் ஒரே ஓட்டமாக வரும். சந்தோஷம் அவ்வளவுதான். மீதியெல்லாம் அழுகின குளம்பு, மழைக்கால இருமல், மேய்ச்சலுக்கு அலைச்சல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பாரிஸிலேயே தங்கிப்போன சொல்தா குடும்பங்களின் காலி மனைகளில்தான் மேய்த்தார்கள். அவற்றிலும் ஒவ்வொன்றாக மதில் எழும்பிவிட்டது.

நேர்ந்த கெடா பெட்டையைத் தொட்டால் தீட்டு. அதனால் அப்பா கலியமூர்த்தி அதன் வயிற்றடியில் சாக்குத் துணி கட்டியே வளர்த்தார். பெட்டைகளுக்கு இன்னொரு கெடா இருந்தது. ஐப்பசி மழையில் தெருநாய்கள் அதைக் குதறிப் போட்டன. இப்போது மிச்சம் இது ஒன்றுதான். இதையும் வெட்டிவிட்டால் வெளிக் கெடாவோடுதான் சேர்க்க வேண்டும். பிறகு பிறப்பது இந்த ஆடாக இருக்காது.

ஒரே ஒரு பருவம் சாக்கை அவிழ்த்து விடுங்கள், அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சியும் பார்த்தாள். எச்சில் பண்ணினதையா சாமிக்குக் குடுப்பாங்க என்று கேட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

பெரியப்பா கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

“பட்டம் வாங்கனவகிட்ட நான் பேசி ஜெயிக்க முடியுமா? சாமியே சொல்லட்டும். கெடா சிலுப்பலன்னா நீயே ஓட்டிக்கினு போ.”

மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கெடா அப்படியே நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார். அவள் கையால் குளித்து வளர்ந்தது அது, தண்ணீருக்கு மிரளவில்லை. அவளைப் பார்த்தபடி அசை போட்டது. சிவசங்கரி கயிற்றை வாங்கக் கையை நீட்டினாள்.

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள், சாமி வேண்டாங்குதுன்னா பொண்ணுக்கு ஏதோ ஆவப்போவுது என்று.

செல்வாம்பாள் முகம் செத்துப்போயிற்று. விடுவிடுவென்று வந்தாள். கெடாவைக் கட்டிக்கொள்வதுபோலக் குனிந்து, உள்ளங்கைத் தண்ணீரை அதன் காதுக்குள் விட்டாள்.

கெடா தலையை உதறியது. குலவை கிளம்பியது. பெரியப்பா ஒரே வீச்சில் முடித்தார்.

“உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் எங்கடி போவேன்?” என்றாள் அம்மா. புடவையெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

சிவசங்கரி கீழே கிடந்த உடம்பைப் பார்த்தாள். சாக்குத் துணியை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.

யார் பேரில் நேர்ந்ததோ, தலை அவர்களுக்கு. அப்பா அதைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தார்.

“வாங்கிக்கம்மா. வாங்காம போவக்கூடாது.”

கூடப் படித்த பூர்ணிமாவின் வீட்டில், துறையூர் பக்கம், கருப்பாடு வளர்க்கிறார்கள். வேறு வகை, வேறு உயரம். பெட்டைகளை அங்கே கொண்டுபோய் விடக் காலையிலேயே பேசியாகிவிட்டது. குட்டியானை லோடு வண்டி கொட்டாய் வாசலில் நிற்கும். பெட்டைகளோடு அவளும் ஏறுகிறாள். கெடா கிடைத்திருந்தால் அதற்கும் அதில் இடம் இருந்தது.

“நீங்களே தின்னுங்கப்பா.”

தாம்பாளத்தைச் சுற்றிக்கொண்டு கோயில் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். பின்னால் பம்பை மறுபடி ஆரம்பித்தது.