வெள்ளை இல்லாத சேவல்

"இறக்கையை விரிச்சுப் பாரு. வெள்ளை இருக்கா?" என்று கேட்டார் அப்பா.

மகள் சேவலை மடியில் வைத்து இறக்கையை விரித்தாள். கறுப்புக்கு நடுவே ஒரே ஒரு இறகு, சுண்ணாம்பு பட்டது போல் வெளுத்திருந்தது.

"இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணு தெரியாதது உங்களுக்கா, எனக்கா?"

அவர் சிரித்துவிட்டார். கண்ணில் புரை மூடிய பிறகும் கொண்டையும் நெஞ்செலும்பும் அவர் விரலுக்குத் தெரியும். நிறம் மட்டும் மகளின் வாயிலிருந்து வரவேண்டும். வாலிப வயதிலிருந்து காப்பாற்றிவந்த அந்தக் கறுப்பு வம்சத்தில் அவர் வெள்ளையைத் தலைகாட்ட விட்டதில்லை. பழைய சேவல் செத்துவிட்டது. அதன் பிள்ளைகள் இரண்டுதான் மிச்சம். ஒன்று பெட்டைகளோடு போகும். இன்னொன்று சட்டிக்கு.

அந்த இன்னொன்று நிறத்தில் சுத்தம், குணத்தில் பிசாசு. கூண்டைக் கூட்டக் குனிந்தால் முழங்காலைக் கிழித்துவிடும். தினமும் குனிகிறவள் அவள்தான். இதுவோ குழந்தை மாதிரி மடியேறி உட்காரும். ஒரு இறகுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப இதையே விட்டுரு. அந்த முரடனை சூப்பு வை."

மத்தியானம் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார். "கோவக்காரன் ருசியாத்தான் இருக்கான்," என்றார். சாய்ந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தகனம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, அத்தை அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அண்ணனுக்குக் கண்ணா இருந்தவ நீதாண்டி," என்று அழுதாள். மகளுக்கு அழுகை வரவில்லை. முகம்தான் எரிந்தது.

தையல்காரர் மட்டும் கொல்லைப்புறமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் சேவல் கூட்டாளி. அவரிடமிருந்த கறுப்புகளைப் போன கோடையில் நோய் வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த வம்சம் இனி இந்த ஒரு கூண்டில்தான்.

"அண்ணன் கடைசியாப் பொறுக்கின சேவல். அவருக்குக் காட்டேன்," என்றாள் அத்தை.

தையல்காரர் சேவலைத் தூக்கினார். கொண்டையைத் தடவினார். இறக்கையை விரித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இன்னொண்ணு இருந்துச்சே?"

"சூப்பு வெச்சுட்டோம் மாமா."

"அவர் குடிச்சாரா?"

"குடிச்சாரு."

தைத்து முடித்த சட்டையை மடிப்பது போல இறக்கையை மெல்ல மடித்துவிட்டார். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"எப்படி, எங்கண்ணன் தேர்வு?" என்றாள் அத்தை.

"அவர் கையில யாரு குறை சொல்ல முடியும்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் அவள் போய் நின்றாள். வருஷா வருஷம் அடைக்கு இங்கிருந்துதான் முட்டை கொண்டுபோவார்.

"முட்டை சேத்து வைக்கவா மாமா?"

"இந்த வருஷம் வேணாம்மா. வீட்டுல எடமில்ல."

அவர் வீட்டுக் கூண்டுகள் காலியாகக் கிடப்பது இருவருக்கும் தெரியும். வார் சரியாக மாட்டியிருந்தும் அவர் இன்னொரு முறை குனிந்து அதை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

அவள் கூண்டுக்குள் போனாள். சேவல் விலகி வழிவிட்டது. வந்துபோனவர்கள் சந்தடியில் யாரும் எடுக்காத முட்டைகள் வைக்கோலில் கிடந்தன. ஒன்றில் இன்னும் சூடு இருந்தது.